நடுத்தட்டில் என் மருந்து

எங்கள் வீட்டு பிரிஜ்ஜின் நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் படுத்திருக்கிறது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இல்லை. கோழிப்பண்ணைக் கொட்டகையில் குஞ்சுகளுக்குச் சூடு போதுமா என்று பார்க்கத் தொங்கவிடுவார்களே, அந்த வகை. மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை, நடுவில் சிவப்புக் கோடு ஏறி இறங்கும் கண்ணாடிக் குழல், மேலே கயிறு கோக்க ஓர் ஓட்டை. அட்டையின் அடியில் ஏதோ தீவனக் கம்பெனியின் விளம்பரம் பாதி கிழிந்து ஒட்டியிருக்கிறது. இங்கே அமெரிக்காவில் வாங்கிய இந்த பிரிஜ்ஜுக்குக் கதவிலேயே டிகிரி எரியும். அது பாரன்ஹீட்டில் எரியும். இத்தனை வருஷமாகியும் அந்தக் கணக்கு என் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தால், "இது என்னங்க, தயிருக்குப் பக்கத்துல தெர்மாமீட்டரு?" என்று கேட்காமல் போவதில்லை. "என் மாமனாருடையது" என்று மட்டும் சொல்லுவேன். மிச்சத்தை நின்றபடி சொல்லி முடிக்க முடியாது.

எனக்குப் பதினொரு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. தினமும் ஊசி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஊசி, ஆயுசுக்கும் ஊசி. ஒரு நாள் தள்ளிப்போட்டால் ஆஸ்பத்திரி, அதற்கும் மேல் தள்ளினால் உயிர். "சின்னதுல மிட்டாய் ரொம்பத் தின்னிருப்பா" என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் தின்ற மிட்டாயை விட அப்படிப் பேசியவர்கள் தின்ற மிட்டாய் அதிகம், அது வேறு விஷயம். அப்பா சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடமெல்லாம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவர்களும் காபி குடித்துவிட்டு, "போயி தகவல் சொல்றோமுங்க" என்று போய்விடுவார்கள். தகவல் வராது. கடைசியில் சித்தி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "இந்த எடத்துக்காச்சும் வாய மூடிக்கிட்டு இருங்க மாமா, கண்ணாலம் ஆனப்பறம் சொல்லிக்கலாம்" என்று ஏற்பாடு செய்திருந்தாள்.

அந்த இடம்தான் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் குடும்பம். நான் காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். சித்தி கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, "எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க. சின்னதுல இருந்தே ஊசி போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா, வெள்ளை வேட்டியும் கை மடித்த சட்டையுமாக உட்கார்ந்திருந்தவர், டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த மருந்து எத்தனை டிகிரில வெக்கோணும் சாமி?" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் எந்த மனிதரும் கேட்டதில்லை. "ரெண்டுல இருந்து எட்டுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பி, "அட, நம்ம கோழி மருந்து கணக்கேதான்! அதுக்குன்னே நம்மூட்டுல தனியா ஒரு பிரிஜ்ஜு ஓடுது. கரண்டு போனா ஜெனரேட்டரு" என்றார். அவ்வளவுதான், என் கல்யாணம் முடிவானது. பொண்ணுக்கு முன்னால் மருந்துக்கு இடம் பார்த்த மாமனார் என்று என் சிநேகிதிகள் வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று ராத்திரி அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுததை அவர்களிடம் சொன்னதில்லை.

சொன்னபடியே செய்தார். சமையலறை பிரிஜ்ஜில் என் மருந்தை வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாவு எடுக்க, தண்ணி எடுக்கன்னு நாள் பூராத் தொறந்து மூடற பொட்டி அது. ஆகாது" என்று பண்ணை ஆபீஸ் ரூமில் கோழிகளுக்கான தடுப்பு மருந்து வைத்திருந்த பிரிஜ்ஜின் நடுத்தட்டைக் காலி செய்துகொடுத்தார். ஒரு சின்ன எவர்சில்வர் போசியில் என் இன்சுலின் பாட்டில்கள், பக்கத்தில் அந்த மஞ்சள் தெர்மாமீட்டர். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் கோழி மருந்து. அவர் வாயிலிருந்து 'நோய்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. "உன்ற மருந்து" என்பார், உன் சேலை, உன் வண்டி என்கிற மாதிரி. காலையில் தீவனம் போட்டுவிட்டு வரும்போதே வாசலில் இருந்து, "அஞ்சு டிகிரி சாமி" என்று ஒரு குரல் வரும். நானும் உள்ளே இருந்து, "சரிங்க மாமா" என்பேன். எங்கள் வீட்டில் வெதர் ரிப்போர்ட் அதுதான்.

அவர் மகனுக்கு, அதாவது என் கணவருக்கு, அமெரிக்காவில் வேலை கிடைத்தபோதுதான் இந்த ஏற்பாடு ஆடிப்போனது. கம்பெனி கொடுக்கிற இன்சூரன்ஸ் தொடங்க முதலில் மூன்று மாதம் ஆகுமாம். தொடங்கிய பிறகும் ஒரு தொகை வரை நம் கைக்காசைக் கட்டி முடித்தால்தான் இன்சூரன்ஸ்காரன் கண்ணைத் திறப்பானாம். அதுவரை கடை விலைக்கே வாங்க வேண்டும். இங்கே ஒரு மாசத்து மருந்துக்கு ஆகிற காசு அங்கே ஒரு பாட்டிலின் மூடிக்குக்கூடக் காணாது என்று என் கணவர் கணக்குப் போட்டுச் சொன்னார். மாமாவுக்கு அது பிடிபடவே இல்லை. "அதே மருந்துதானா? அதே கம்பெனிதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாங்க என்றோம். "தீவனம் வெலை ஏறுனா முட்டை வெலை ஏறும், அதுல ஒரு நாயம் இருக்குது. இவனுக இதுக்கு என்ன தீவனம் போடறாங்களாம்?" என்றார்.

"இன்சூரன்ஸ் வர்ற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்" என்றார் அத்தை. நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு முகம் விழுந்துவிட்டது, அதை மாமா பார்த்துவிட்டார். "புருசன் பொண்டாட்டி ஒண்ணாப் போயி ஒண்ணா இருக்கோணும். மருந்துக்கு நான் பொறுப்பு" என்றார். டாக்டரிடம் சீட்டும் கடிதமும் வாங்கி, நாமக்கல்லில் சொல்லிவைத்து வரவழைத்து, இன்சூரன்ஸ் தொடங்கும் வரை தாங்குகிற அளவுக்கு மருந்து சேர்த்தார். பெட்டி கட்டுகிற வேலையை யாரிடமும் விடவில்லை. கிளம்புகிற அன்று காலை நான் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மாமா ஆபீஸ் ரூமில் தெர்மாகோல் பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்து, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி அதை வண்டிக்குத் தூக்கி வந்தார். உள்ளே எப்படி வைத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மருந்து விஷயத்தில் அவரைக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

பெங்களூர் ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். டேப்பைக் கிழித்தால், உள்ளே முழுக்க உடைத்த ஐஸ். அது கரையாமல் இருக்கட்டும் என்று கல் உப்பு வேறு அள்ளிப் போட்டிருந்தார். அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய என் பாட்டில்கள் புதைந்திருந்தன. ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. கல். இன்னொன்று, அதுவும் கல். கோழிக்குக் கழிச்சல் வராமல் இருக்கப் போடுகிற லசோட்டா தடுப்பு மருந்தை அப்படித்தான் ஐஸில் புதைத்துக் கொண்டுவருவார்கள். அது பாட்டிலுக்குள் உலர்ந்த வில்லையாக இருக்கும், எவ்வளவு குளிர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. இன்சுலின் தண்ணீர் மருந்து, ஒரு தடவை உறைந்தால் போயிற்று, உருகினாலும் வேலை செய்யாது. என் கணவர், "வெயில்ல வெச்சா சரியாயிரும்ல?" என்று கேட்டார், பாவம். நான் இல்லை என்று தலையாட்டினேன். சோதனைக்காரர் ஐஸைத் தொட்டியில் கொட்டினார். நாங்கள் உள்ளே வரும்போது மாமா வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார், அந்த முகம்தான் எனக்குள் நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கைப்பையில் சில வாரத்துக்குப் போதுமான, இன்சுலின் அடைத்த ஊசிப் பேனாக்கள் இருந்தன. ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த பிறகு போனில் அவர் முதலில் கேட்டதே மருந்தைத்தான். நான் மழுப்பினேன், என் கணவர் உடைத்துவிட்டார். பிறகு சில நாள் அவர் போனுக்கே வரவில்லை. "பண்ணைப் பக்கம் போறதில்ல கண்ணு, சோத்தையும் பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாரு" என்றார் அத்தை. ஒருவழியாக வந்தபோது, "ஐஸுன்னா நல்லதுன்னு ஒரு நெனப்பு சாமி. அது தண்ணி மருந்துன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. இத்தனை நாள் கையில எடுத்துக் குடுத்திருக்கறேன்" என்றார். "போகுதுங்க மாமா, இங்க கெடைக்காத மருந்தா?" என்றேன்.

கிடைத்தது. கைப்பையில் இருந்தது தீரப் போகிற நேரத்தில் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் விலையைச் சொன்னாள். மிஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அவளுக்கு அது பழகிய விஷயம் போல, இரக்கமாகச் சிரித்தாள். என் கணவர் கார்டை நீட்டினார். வண்டியில் ஏறி அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பயத்தில் வந்த அழுகையை விட அவமானத்தில் வந்ததுதான் அதிகம். ஒருத்தி உயிரோடு இருக்க இவ்வளவு ஆகிறதே என்று. அதற்கப்புறம் சோற்றைக் குறைத்தேன், சாப்பிடாவிட்டால் ஊசி குறையும் இல்லையா? கணவர் வேலைக்குப் போகும்போது சாப்பிட்டாச்சு என்றும், அவர் வந்தபின் இப்போதுதான் சாப்பிட்டேன் என்றும் சொல்லிச் சமாளித்தேன். முட்டாள்தனம்தான். அந்த விலையைக் காதால் கேட்டவர்களுக்குப் புரியும்.

மாமாவைச் சமாளிக்க முடியவில்லை. வீடியோவில் என்னைப் பார்த்ததும் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தார். "என்ன சாமி, கொண்டை வெளுத்திருக்குது?" என்றார். கோழிக்குத் தீவனம் குறைந்தால் முதலில் கொண்டைதான் வெளுக்கும், பண்ணைக்காரர் கண் அங்கேதான் போகும். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "சோத்தைக் கொறைச்சுட்டயா?" என்றார். ஆமாங்க என்றேன். "கொறைக்காத. காசு என்ன காசு, ஒரு கொட்டாயி கோழிய வித்தா ஆச்சு. மருந்து வர்ற வரைக்கும் அங்கயே வாங்கு, முழு ஊசியும் போடு. நான் அனுப்பறேன். இந்தத் தடவை ஐஸ் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது அத்தை சொல்லித்தான் தெரியும். நான் விட்டுவந்த காலி இன்சுலின் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பினார். புதிதாக ஒரு பெட்டி வாங்கி, குளிர வைத்த ஜெல் பைகளைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்து, பாட்டில்கள் அதைத் தொடாமல் நடுவில் வைத்தார். டிகிரி காட்டுகிற ஒரு சின்ன மிஷினின் கம்பியை உள்ளே விட்டு, பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் திருச்செங்கோடு, சங்ககிரி என்று சுற்றக் கிளம்பிவிட்டார். "எதுத்தாப்புல வர்றவங்கெல்லாம் குச்சி ஐஸ் விக்கறாருன்னு நிறுத்தறாங்களாம் கண்ணு. மானம் போகுது" என்றார் அத்தை. இரண்டுக்குக் கீழே இறங்கினால் துண்டை இன்னொரு சுற்று சுற்றுவார், எட்டைத் தாண்டினால் ஒரு பையைக் கூட்டுவார், மறுநாள் மறுபடி கிளம்புவார். அவர் மனசுக்கு ஒப்பும் வரை அதை விடவில்லை.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஊரிலேயே வேலை பார்த்த ஒரு திருச்செங்கோட்டுத் தம்பி, போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளியின் மகன், வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். டாக்டர் கடிதத்தோடு மருந்து அவரிடம் வந்தது. ஒருவர் மருந்தை இன்னொருவர் கொண்டுபோவது முறையில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன், இன்றைக்கு யாருக்கும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி பெட்டியை எங்கள் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். "அக்கா, உங்க மாமனாரு என்னைத் தூங்கவே உடல. பிளைட்டு எறங்கி போனை ஆன் பண்ணுனா, 'தம்பி, எத்தனை டிகிரி?' அடுத்த ஏர்போர்ட்ல எறங்குனா, 'தம்பி, எத்தனை டிகிரி?' பொட்டிய மடிலயே வெச்சுக்கிட்டு வந்தனுங்க. பக்கத்து சீட்டுக்காரம்மா உள்ள என்ன, பூனைக்குட்டியான்னு கேக்குது." பெட்டியைத் திறந்தோம். மிஷினில் ஆறு. பாட்டிலைக் குலுக்கினேன், உள்ளே தண்ணீர் அசைந்தது. போனை எடுத்து, "ஆறுங்க மாமா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பச் சரி. போயி சோறு தின்னு சாமி" என்று வைத்துவிட்டார்.

இன்சூரன்ஸ் தொடங்கியது. வருஷம் பிறந்தால் கைக்காசு கட்டுகிற கதை புதிதாக ஆரம்பிக்கும், அதற்கும் பழகினோம். மருந்து கம்பெனிப் பெட்டியில் வாசலுக்கே வர ஆரம்பித்தது. மாமா மருந்து அனுப்புகிற தேவை போய்விட்டது. போனில் டிகிரி கேட்பது மட்டும் நிற்கவில்லை, நானும் பாரன்ஹீட்டை மாற்றித் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பண்ணையில் காலைத் தீவனம் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. போன் வந்து சில மணி நேரத்தில் கிளம்பினோம், கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு. வீட்டுக்குள் நுழைந்தபோது நாங்கள் வருவதற்காக அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் சிவப்பில் டிகிரி எரிந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அழாமல் வந்தவள் அந்த எண்ணைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. நாக்கு ஒட்டுகிற மாதிரி தாகம் எடுத்தது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. சர்க்கரை ஏறுகிறது என்று புரிந்து கைப்பையைத் துழாவினேன். பையில் இருந்த பேனா வழியிலேயே தீர்ந்திருந்தது. மற்ற மருந்து எல்லாம் அமெரிக்காவில், எங்கள் பிரிஜ்ஜில், பத்திரமாக. என் கணவர் எடுத்திருப்பார் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம். கணவர் தலை முழுகி, ஈர வேட்டியோடு தன் அப்பாவுக்கான காரியத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவரைப் போய்க் கூப்பிட மனசு வரவில்லை. யாரை டவுனுக்கு அனுப்புவது என்று விழித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை, அழுது வீங்கிய கண்ணோடு என்னையே பார்த்தார். "ஊசி போட்டயா?" என்றார். இல்லீங்க என்று தலையாட்டினேன். "ஆபீஸ் ரூமு பிரிஜ்ஜுக்குப் போ கண்ணு."

போய்க் கதவைத் திறந்தேன். மேல்தட்டில் கோழி மருந்து, கீழ்த்தட்டில் கோழி மருந்து. நடுத்தட்டில் அதே எவர்சில்வர் போசி. உள்ளே என் மருந்து, நான் போடுகிற அதே இரண்டு வகை, தேதி முடிய நிறைய நாள் இருந்தது. பக்கத்தில் ஒரு கவரில் புது ஊசிகள். மஞ்சள் தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு அஞ்சில் நின்றது. எனக்குப் பின்னாலேயே அத்தை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போன நாள்ல இருந்து இந்தத் தட்டு ஒரு நாளும் காலியா இருந்ததில்ல. தேதி முடியறதுக்கு முந்தி டாக்டர்கிட்டக் குடுத்துருவாரு, ஊசி போட்டுக்கற இல்லாதப்பட்ட புள்ளைக யாருக்காச்சும் ஆகட்டும்னு. மறுபடியும் புதுசு வாங்கியாந்து வெப்பாரு. அவதான் அங்க வாங்கிக்கறாளே, எதுக்குங்க இதுன்னு கேட்டேன். 'அவ எப்ப வந்தாலும் அவ மருந்து இந்த ஊட்டுல இருக்கோணும்'னாரு" என்றார். சொல்லி முடித்து என் தோளில் சாய்ந்துகொண்டார். அங்கேயே, பிரிஜ்ஜின் வெளிச்சத்தில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது அத்தையிடம் கேட்டு இந்தத் தெர்மாமீட்டரை மட்டும் எடுத்துவந்தேன். இன்றைக்குக் காலையில் வாசலில் அடுத்த மாசத்து மருந்துப் பெட்டி வந்து கிடந்தது. சுற்றியிருந்த ஜெல் பைகளை எடுத்துவிட்டு, பாட்டில்களை நடுத்தட்டில் அடுக்கினேன். என் கணவர் வேலைக்குக் கிளம்பி, சாவியைத் தேடிக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். பிரிஜ்ஜைத் திறந்தபடி நான் நிற்பதைப் பார்த்ததும் தேடுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். தன் அப்பாவின் குரலிலேயே, "எத்தனை டிகிரி சாமி?" என்றார்.

"அஞ்சுங்க மாமா" என்றேன்.